மத்தி மீனும் தகர டப்பாவும்

மன்னர்தம் வரலாறும் போர்களின் வரலாறும் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. உண்ணும் பொருள்களின் வரலாறோ பெரும்பாலும் அடுக்களை வாயிலோடு நின்றுவிடுகின்றது. மிளகை நாடி மேலைநாட்டுக் கலங்கள் கடல் கடந்த கதையை நாம் அறிவோம். தேயிலைத் தோட்டங்களுக்காகக் குடும்பம் குடும்பமாக மலையேறியவர்களின் கதை நம்மவர் கதையே ஆகும். இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொரு பொருள் உண்டு. கடைத்தெருவில், உள்ளங்கை அளவுத் தகர டப்பாவில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் மத்தி மீனே அது.

பிரான்சு, போர்த்துக்கல், நார்வே, மொரோக்கோ ஆகிய நான்கு நாட்டு டப்பாக்களை ஒரே பலகையில் திறந்து வைப்போமாயின், நான்கும் நான்கு சுவையாய் இருத்தலைக் காண்போம். ஒன்று வெண்ணெய்போல் நாவில் கரையும்; ஒன்று கட்டுக் குலையாது நிற்கும்; ஒன்று புகை மணம் கமழும்; ஒன்று காரமும் புளிப்பும் ஊட்டும். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று? சமையல் வல்லாரைக் காட்டிலும் வரலாற்றாசிரியரே இதற்கு விடை கூற வல்லவர். ஒரு கரையில் மீன் குறைந்தபோதும், மற்றொரு கரை அதற்கு ஈடு தேடியபோதும் புதிய சுவைகள் பிறந்தன என்பதே அவ்விடை. அதனை முறையாகக் காண்போம்.

கூட்டமாய் வரும் மீன்

சார்டைன் என்னும் சொல் மத்தியதரைக் கடலிலுள்ள சார்டினியாத் தீவின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். ஐரோப்பியக் கடல்களில் கிடைப்பது ஒரு வகை; நம் மேலைக் கடற்கரையில் கிடைக்கும் நெய்ச்சாளை வேறொரு வகை; அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிடைப்பது பிறிதொரு வகை. வங்கத்தில் வாழும் அன்பர்கள் போற்றும் இல்லீசு மீனும் இவற்றிற்கு உறவு மீனேயாகும்.

இம்மீன்களுக்கு மூன்று இயல்புகள் உண்டு. பெருங்கூட்டமாய் வரும், கொழுப்பு மிக்கிருக்கும், விரைவில் கெடும். இன்று கரை கொள்ளாமல் குவிந்த மீன் நாளை எருவுக்கே ஆகும். மீனை உப்பிட்டு வெயிலில் உணக்கும் வழியை நம் நெய்தல் நிலத்தார் சங்க காலந்தொட்டே அறிவர். ஆயினும் கொழுப்பு மிக்க மீன் உணக்கலில் எண்ணெய்ச் சிக்கு நாற்றம் கொள்ளும். ஆதலின் மத்தியை நெடுநாள் காக்க வேறொரு வழி வேண்டியிருந்தது.

நாந்து நகரத்துத் தொடக்கம்

அவ்வழியைக் கண்டவர் பிரான்சு நாட்டு மிட்டாய்த் தொழிலாளரான நிக்கோலா அப்பேர். உணவைக் கண்ணாடிக் கலத்தில் காற்றுப் புகாது அடைத்து, அக்கலத்தை நீரில் இட்டுக் கொதிக்க வைத்தால் உணவு கெடாது என்று அவர் காட்டினார். 1810-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பதை அவர் அறியார். அதனை லூயி பாஸ்டர் விளக்குதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. அதே 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் என்பவர் தகரப் பூச்சிட்ட இரும்புக் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இவ்விரு கண்டுபிடிப்புகளையும் மத்தியோடு சேர்த்தது பிரான்சின் நாந்து நகரம். அங்கே ஜோசப் கோலன் என்பவர், அவரும் தின்பண்டத் தொழிலினரே, 1820-களில் மத்தியை எண்ணெயில் இட்டுத் தகர டப்பாவில் அடைத்து விற்கலானார். மீனின் தலை களைந்து, உப்பு நீரில் தோய்த்து, காற்றில் உலர்த்தி, எண்ணெயில் பொரித்து, பின்னர் ஆலிவ் எண்ணெயோடு அடைத்தல் அங்கு நிலைபெற்ற முறை. பொரித்தபின் அடைப்பதால் பிரெஞ்சு மத்தியின் தசை எண்ணெயை நன்கு உறிஞ்சிக்கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல முள்ளும் மிருதுவாகிச் சுவை முதிரும். இதனால் பிரெஞ்சுக்காரர் சிலவகை டப்பாக்களில் மீன் பிடித்த ஆண்டைப் பொறித்து, நம் வீட்டு ஊறுகாய் சாடியைப் போலப் பாதுகாத்து, அவ்வப்போது புரட்டி வைத்து, பல ஆண்டு கழித்துத் திறக்கின்றனர்.

மீன் நீங்கிய கரையும் சேர்ந்த கரையும்

பிரான்சின் பிரித்தானிக் கரையில் துவார்னனே, கோங்கார்னோ முதலிய ஊர்கள் இத்தொழிலால் செழித்தன. ஆயின் மீன் எவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. 1902-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்தி அக்கரைக்கு வருவது அரிதாயிற்று. ஆலைகள் அடைபட்டன, ஊர் பட்டினி கிடந்தது. ஆலை முதலாளிகளுள் சிலரோ அதற்கு முன்பே மீனும் கூலியும் மலிந்த தெற்குத் திசை நோக்கிச் சென்றிருந்தனர். போர்த்துக்கல் நாட்டின் செத்துபால் நகரில் 1880-களிலேயே பிரெஞ்சு முதலில் ஆலை எழுந்தது. பின்னர் மத்தோசினோஸ், போர்த்திமாவு, ஒல்யாவு ஆகிய ஊர்களும் இத்தொழிலால் பெயர் பெற்றன.

போர்த்துக்கீசியர் மீனைப் பொரிப்பதற்கு மாறாக ஆவியில் வேகவைத்து அடைக்கலாயினர். அதனால் அவர்தம் மத்தி கட்டாக நிற்கும். மீனின் சொந்தச் சுவை மேலோங்கும். தக்காளிச் சாறும் மிளகாயும் இட்டு அடைப்பதிலும் அவர்கள் வல்லவர். 1920-இல் மத்தோசினோசில் தொடங்கப்பெற்ற பின்யாய்ஸ் ஆலை, மீனைக் கையால் அடுக்கும் பழைய முறையைக் கைவிடாது போற்றுகிறது. காலப்போக்கில் இத்தொழில் மேலும் தெற்கே சென்று மொரோக்கோவை அடைந்தது. டப்பா மத்தி ஏற்றுமதியில் அந்நாடு இன்று உலகின் முன்னணியில் நிற்கின்றது.

புகை மணக்கும் நார்வே

வடக்கேயுள்ள நார்வேயின் கதை வேறு. பிரித்தானி மீனவர் மத்தியைக் கவரக் கடலில் தூவிய காட் மீன் சினை நார்வேயிலிருந்து வந்ததாகும். இரை விற்ற அந்நாடு பிற்பாடு டப்பா விற்பதிலும் போட்டியிட்டது. அங்கு ஐரோப்பிய மத்தி கிடைப்பது அரிது. பிரிஸ்லிங் என்னும் சிறு மீனே மிகுதி. ஸ்டாவாங்கர் நகரத்தார் அச்சிறு மீனைக் கம்பிகளில் வரிசையாகக் கோத்து, விறகுப் புகையில் வாட்டி, எண்ணெயில் அடைத்தனர். ஒரு டப்பாவில் இருவரிசையாய் விரல் நீள மீன்கள் நெருங்கிக் கிடக்கும் அழகே தனி. 1902-இல் இரண்டாம் ஆஸ்கர் மன்னரின் இசைவு பெற்று அவர் பெயராலேயே ஒரு வணிகக் குறி தோன்றிற்று. 1969-இல் வட கடலில் பாறை எண்ணெய் காணப்பட்டபின் ஸ்டாவாங்கர் வேறோர் எண்ணெயின் நகரமாயிற்று. பழைய மீன் ஆலையொன்று இன்று காட்சிசாலையாக நிற்கின்றது.

பெயருக்கு ஒரு வழக்கு

நார்வேயின் மீன் 'சார்டைன்' என்னும் பெயரால் விற்கப்படுவதைப் பிரெஞ்சு வணிகர் பொறுக்கவில்லை. வழக்கு இலண்டன் நீதிமன்றம் ஏறிற்று. அப்பெயர் ஐரோப்பிய மத்திக்கே உரியது, பிரிஸ்லிங் மீனுக்கு அதனைச் சூட்டலாகாது என 1915-இல் தீர்ப்பாயிற்று. அட்லாண்டிக்குக்கு அப்பால், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலோ, 1870-களிலிருந்தே இளம் ஹெர்ரிங் மீன் அதே பெயரோடு டப்பாவில் ஏறியது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. தென்னமெரிக்காவின் பெரு நாடு தன் கடலின் மீனைச் சார்டைன் என விற்க ஐரோப்பா தடை விதித்தது. பெரு 2001-இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டு 2002-இல் வென்றது. நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ முன்னே சேர்த்து விற்கலாம் என்பதே அதன் பயன். பெயர் மீனுக்கு உரியதா, அன்றிச் செய்முறைக்கு உரியதா என்ற வினாவை நாம் நாவினால் ஆராயலாம். பிரெஞ்சு மத்தியையும் நார்வேயின் பிரிஸ்லிங்கையும் அடுத்தடுத்துச் சுவைப்போர், இரண்டும் வெவ்வேறு என்பதையும், இரண்டும் நல்லவை என்பதையும் ஒருங்கே உணர்வர்.

கலிபோர்னியாவின் பாடம்

மீன் நீங்குதலின் கொடுமையை முற்றக் கண்டது கலிபோர்னியாவின் மாண்டரே நகரம். 1936-37 பருவத்தில் அம்மாநிலத்துக் கடலில் பிடிபட்ட மத்தி 7 இலட்சம் டன்னைக் கடந்தது. அதில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குச் செல்லாமல் கோழித் தீவனமாகவும் எருவாகவும் எண்ணெயாகவும் அரைபட்டது. அளவோடு பிடிக்குமாறு அரசாங்க மீனியல் அறிஞர் எச்சரித்தனர், கேட்டவர் இலர். 1940-களின் இறுதியில் மீன் கூட்டம் குலைந்தது. ஜான் ஸ்டைன்பெக் 1945-இல் நாவலாக்கிய ஆலைத் தெரு வெறிச்சோடிற்று. 1967-இல் மத்தி பிடிப்பே தடுக்கப்பட்டது. ஹோவ்டன் என்னும் நார்வேக்காரர் நிறுவிய ஆலை 1973-இல் மூடப்பட்டது; அவ்விடத்தில் 1984-இல் கடல் உயிர்க்காட்சிசாலை திறக்கப்பெற்றது.

மனிதர் பேராசை ஒன்றே காரணம் என்றும் கூறிவிடற்கில்லை. அக்கடலின் அடிச் சேற்றில் படிந்த மீன் செதில்களை எண்ணிய ஆராய்ச்சியாளர், வலை வீசாத பழங்காலத்தும் மத்தி பெருகியும் அருகியும் வந்தது என நிறுவினர். கடலுக்குத் தன் ஏற்ற இறக்கம் உண்டு. இறங்கும் வேளையில் வலையும் சேர்ந்து அழுத்தினால் வீழ்ச்சி ஆழமாகும்.

டப்பாவை நிரப்பிய கைகள்

டப்பாவின் சுவையைப் பேசுங்கால் அதனை நிரப்பிய கைகளை மறத்தல் ஆகாது. துவார்னனேயில் அவை பெண்களின் கைகள். படகு வந்த பொழுதே அவர்க்கு வேலைப் பொழுது; நள்ளிரவாயினும் மீன் தீரும்வரை நிற்க வேண்டும். தூக்கம் விரட்டப் பாடிக்கொண்டே உழைத்தனர். ஆயிரம் மீனுக்கு இவ்வளவு என்றிருந்த கூலியை 1905-இல் போராடி மணிக்கூலியாக மாற்றினர். 1924 நவம்பரில் மணிக்கு 80 சாந்தீம் மட்டுமே பெற்றுவந்த அவர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்த அப்போராட்டம் 1925 சனவரியில் வெற்றியாய் முடிந்தது. கூலி ஒரு பிராங்கு ஆயிற்று. அவ்வாண்டே அவர்களுள் ஒருவரான ஜோசபின் பென்காலெ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலம் ஆதலின் அத்தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஊர் அவரைத் தேர்ந்தது என்ற உண்மையை அவ்வறிவிப்பால் அழிக்க இயலவில்லை.

சுவைக்கும் முறை

இனி, சுவைக்கும் முறை. பிரெஞ்சு மத்திக்கு ரொட்டியும் வெண்ணெயும் போதும். போர்த்துக்கீசிய மத்தியின் எண்ணெயை வீணாக்காது சுடுசோற்றில் ஊற்றி, சின்ன வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்தால் நம் நாவுக்கு அது அயலாகத் தோன்றாது. நார்வேயின் புகை மத்தியைச் சூடாக்காமல் அப்படியே உண்ணல் வேண்டும். அடுப்பேற்றினால் மணம் கெடும். மொரோக்கோவின் காரத் தக்காளி மத்தி கறிக்கு ஏற்றது.

தக்காளி மத்தியின் பெருமையை மலாயாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த நம்மவர் நன்கறிவர். அவர்தம் பேச்சில் அது 'டின் மீன்'. 1892-இல் சிங்கப்பூரில் ஆல்பிரெட் குளுவே என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வணிகத்தின் குறி சேவல். மக்கள் அதனை மலாய் மொழியில் கோழிச் சின்னம் என்றே அழைத்தனர். 'ஆயாம்' என்னும் அப்பெயரே நிலைத்தது. மேலே கோழியும் உள்ளே மீனுமாக இருந்த அந்த டப்பாவை வெங்காயமும் மிளகாயும் புளியும் இட்டுக் குழம்பாக்கி, நம்மவர் தம் ஊர்ச் சுவைக்குக் கொணர்ந்தனர். பிரான்சில் பிறந்த முறை தமிழர் சட்டியில் வந்து சேர்ந்த வழி இது.

நம் கடல்

நம் மேலைக் கடல் நெய்ச்சாளைக்குத் தாயகம். முற்காலத்தில் அதன் எண்ணெய் எடுக்கப்பட்டது. எஞ்சியது தென்னைக்கு எருவாயிற்று. சென்னை மாகாண மீன்துறைக்கு அடிகோலிய சர் பிரெடரிக் நிக்கல்சன் காலத்துத் தொடங்கிய முயற்சிகளின் வழியே, பேப்பூரை அடுத்த சாலியத்தில் டப்பாவில் அடைக்கும் பணியும் சோதித்துப் பார்க்கப்பட்டது. எனினும் நம் நாட்டில் டப்பா மத்தி ஐரோப்பாவிற்போல் வேரூன்றவில்லை. காலையில் பிடித்ததை மாலையில் குழம்பாக்கும் வழக்கமுடையோர்க்கு டப்பா எதற்கு?

ஆயினும் அந்தப் புது மீனும் என்றும் வரும் என்பதற்கு உறுதியில்லை. 1947-இல் தோன்றிப் பின் கொச்சிக்குப் பெயர்ந்த மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்வது. கேரளக் கரையில் 2012-இல் 4 இலட்சம் டன்னை நெருங்கிய நெய்ச்சாளை, 2021-இல் 3,297 டன்னாய்ச் சுருங்கியது. கடல் வெப்ப மாற்றமும் குஞ்சு மீன்களை அள்ளியதும் காரணங்களாகக் கூறப்பட்டன. பின்னர் மீன் மீண்டு வந்தது. மாண்டரேயின் முடிவு நமக்கு இன்னும் நேரவில்லை. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது எனக் கேரளத்தில் விதியும் உண்டு. போர்த்துக்கலும் ஸ்பெயினும் 2010-களில் தம் பிடிப்பைக் கடுமையாய்க் குறைத்தன. அவர்தம் கடலில் மீன் மீண்டும் தேறியது. அளவறிந்து பிடித்தோர்க்கே கடல் மறுபடி அளித்தது.

பிறந்த கரையை விட்டுப் பல ஊர்களில் வாழும் நமக்கு, உணவைப் பத்திரப்படுத்திக் கொண்டுவரும் கலையின் அருமை எடுத்துச் சொல்லவேண்டுவதன்று. ஊறுகாயும் கருவாடும் வடகமும் சுமந்தே நாம் இரயிலேறினோம். டப்பா காப்பது மீனை மட்டுமே. மீன் வரும் கடலைக் காப்பது மனிதர் கடமை. அடுத்த முறை ஒரு மத்தி டப்பாவைத் திறக்குங்கால், அது எந்தக் கரையது, எந்த மீன், எவர் கை அடுக்கியது என்று எழுத்தைப் படித்துப் பார்த்துச் சுவைப்போமாக. நம் கடலின் குஞ்சுச் சாளையைச் சந்தையில் கண்டால் வாங்காது விடுவோமாக.