நாகம்மாள் (நாவல்)

ஆர். சண்முகசுந்தரம் (1917–1977) எழுதி 1942இல் கு.ப. ராஜகோபாலன் முன்னுரையுடன் வெளியான நாவல். தமிழின் முதல் வட்டார நாவலாகப் பலரும் கருதும் இதன் களம் கொங்கு நாட்டுச் சிற்றூரான சிவியார்பாளையம். கணவனை இழந்த நாகம்மாள், மகள் முத்தாயாளோடு கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி காளியம்மாள் ஆகியோருடன் வாழ்கிறாள். நிலத்தில் பங்கு கேட்கிறாள். கதை சின்னப்பனின் கொலையில் முடிகிறது. பேச்சுவழக்கே இதன் சிறப்பு என்பர். ஆயினும் மையப் பொருள் நில உரிமையே. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுட்கால உரிமை அளித்தது. மாகாணங்களின் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. காடு தோட்டத்தை நம்பிய குடும்பத்து விதவைக்கு அச்சட்டத்தால் அன்று பயனிருக்கவில்லை.

ஊரிலுள்ள கெட்டியப்பன், மணியக்காரர் ஆகியோரின் தூண்டுதலுக்கு ஆடும் பாவையே நாகம்மாள் என்றும், கெட்டியப்பனுடனான உறவே அழிவுக்குக் காரணம் என்றும் வாதிடலாம். தூண்டுதல் உண்மைதான், ஆனால் ஏற்கெனவே இருந்த குறையைத்தான் அவர்கள் தம் பகைக்குப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் சொல் செல்லாத நிலையும் மகளின் எதிர்காலமும் அவளுடைய சொந்தக் கவலைகள். சின்னப்பனைக் கொடியவனாகக் காட்டாததும் இதையே உறுதிசெய்கிறது: நல்லவன் தலைமையேற்ற குடும்பத்திலும் அவள் பங்கு அவன் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. எனவே இதை ஒழுக்கம் தவறியவளின் வீழ்ச்சியாக மட்டும் வாசிப்பது நாவலைச் சுருக்கிவிடும்.