ஏட்டில் ஏறிய வழமை

மாத்தளை நகரைத் தாண்டித் தம்புள்ளைப் பக்கமாகச் சுமார் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை வரும். பாறைகளும் குகைகளுமான அந்த விகாரையில், வருவோருக்கு ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்டுவார்கள். கீறியது முதலில் கண்ணுக்குத் தெரியாது. கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைத்த பிறகுதான் எழுத்துத் துலங்கும்.

நேயர்களே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்திலும் போரிலும் ஓதுவோர் மடிந்தால் ஓதியதும் மடிந்துவிடுமே என்று அஞ்சி எழுதினார்கள். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு வேறோர் ஏடு நினைவுக்கு வரும். அதுவும் வாய்மொழியாக இருந்ததை எழுத்தில் ஏற்றியதுதான். இதே வீதி வடக்கே போய்ச் சேரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தது அது.

ஒல்லாந்தர் ஆண்ட காலம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுத்துத் தரும்படி அங்கே திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் பணிக்கப்பட்டார். 1707 இல் அவர் தொகுத்ததே தேசவழமை. சீதனம், முதுசொம், ஈடு, கடன் என்று பல விடயங்களோடு அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயர்களைச் சொல்லியே அடிமைகளை அது வகுத்தது. தமிழாக்கப்பட்ட அந்த ஏட்டைப் பன்னிரண்டு முதலியார்கள் வாசித்து, சரியென ஒப்பினார்கள். அந்தப் பன்னிருவரில் அடிமைப்பட்டவர் எவரும் இல்லை.

இந்தப் பாவம் யாருடையது? வெள்ளைக்காரன் எழுதினான் என்று நாம் சொல்லலாம். உங்கள் வழமையைத்தானே எழுதினேன் என்று அவன் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் உண்மைகள். வாய்மொழி வழமை ஊருக்கு ஊர் நெகிழும். நீதிமன்றத்தில் ஏறிய வழமை நெகிழாது. அப்படி இறுக்கிய பொறுப்பு ஒல்லாந்தருடையது. எது வழமை என்று எடுத்துச் சொன்ன பொறுப்பு நம்மவருடையது.

பின் வந்த ஆங்கிலேயர் 1806 இல் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். 1816 இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால், கொழும்பு முதலிய இடங்களில் அடிமைகளை வைத்திருந்தோர், அவ்வாண்டு ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று ஒப்பினர். 1821 இல் வந்த சட்டமோ விசித்திரமானது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. ஆகவே பெண் குழந்தை பிறந்ததும் அரசே விலை கொடுத்து விடுவிப்பது என்று தீர்மானித்தார்கள். கோவியக் குழந்தைக்கு மூன்று இறைசால். நளவ, பள்ளக் குழந்தைகளுக்கு இரண்டு. விடுதலையின் விலையிலும் சாதிப் படி!

1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எசமானர்களுக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. இலங்கையோ அந்தச் சட்டத்துக்கே புறம்பாக வைக்கப்பட்டது. 1844 இல் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகுதான் இங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

அதே ஆண்டுகளில் அலுவிகாரையின் முன்னால் என்ன நடந்தது? தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காடுகளூடாக நடந்து தம்புள்ளை வழியே மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பசியும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே வீழ்த்தின. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அடிமைகள் அல்லர். ஆனால் கங்காணியிடம் கடன்பட்டவர்கள். கடன் தீர்ந்தது என்ற "துண்டு" கையில் இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. துண்டுமுறை ஒழிந்தது 1921 இல்.

இங்கே நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். என் பாட்டனார் ஒரு கங்காணி. அவருடைய கணக்குப் புத்தகம் வெகுகாலம் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்தது. பெயர், ஆள், பற்று என்று அழகான கையெழுத்து. பற்றுப் பக்கம் நிறைந்திருக்கும். வரவுப் பக்கம் பெரும்பாலும் வெறுமை. துண்டு முறையைப் பாட்டனார் உண்டாக்கவில்லை. தலைக்காசு கொடுத்தவன் துரை. ஆனால் கடைசி லயத்திலிருந்து வருவோருக்குத் தண்ணீரைச் சிரட்டையில் வார்க்கும்படி எங்கள் பாட்டிக்கு எந்தத் துரையும் கட்டளையிடவில்லை. அந்தச் சிரட்டை எங்கள் பின்வாசல் இறவாணத்தில் செருகியிருந்தது. சிறுவனான நானும் அதை எடுத்து நீட்டியிருக்கிறேன். வாங்கியவர் என்னைவிட ஐம்பது வயது மூத்தவர். "குடுங்க சாமி" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

1844 இல் சட்டம் ஒழித்ததை மனிதர் ஒழிக்கவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லப் போராட வேண்டியிருந்தது. அப்போது வழிமறித்தவர்கள் ஒல்லாந்தரும் அல்லர், ஆங்கிலேயரும் அல்லர்.

குற்றத்தைப் பங்கு பிரித்தால் அவரவர் பாரம் குறையும் என்று எண்ணுகிறோம். கடன் வேண்டுமானால் பங்கிடக் குறையும், பழி குறையாது. எழுதியவன் முழுவதும் பொறுப்பாளி. ஒப்பிய பன்னிருவரும் முழுவதும் பொறுப்பாளிகள். சிரட்டையை நீட்டிய சிறுவன் அறியாப் பிள்ளைதான். ஆனால் வளர்ந்து அறிந்த பிறகு அதைச் சொல்லாமல் விட்டால் அவனும் பொறுப்பாளிதான். ஆகவேதான் சொன்னேன்.