சுண்டை: பெயரின் தொன்மையும் செடியின் வருகையும்

தமிழர் உணவிலும் மருத்துவத்திலும் நிலைபெற்ற காய்களுள் சுண்டையும் ஒன்று. பசுங்காய் குழம்புக்கு ஆகும். உப்பிட்ட மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்திய காய் வற்றலாகும். சித்த மருத்துவத்தில் சுண்டைவற்றல் சூரணம் வயிற்றுப்போக்கிற்கு வழங்கப்படுகிறது. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் பழமொழி, இக்காய் மக்கள் வாழ்வில் கலந்தமையைக் காட்டும்.

இத்துணை வேரூன்றிய செடி இந்நாட்டிற்கு உரியதன்று என்பது தாவரவியலார் முடிபு. கொல்லைகளில் இன்று வளரும் சுண்டையாகிய சொலானம் டோர்வம், வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மேற்கிந்தியத் தீவுகளில் தாவரங்களைத் திரட்டிய சுவீடன் நாட்டு ஓலோஃப் சுவார்ட்ஸ் 1788இல் இதற்கு அறிவியற்பெயர் இட்டார். அமெரிக்கப் பயிர்கள் கடல்வழியே கீழைநாடுகளுக்குப் பரவியது 1492க்குப் பின்னரே. ஆதலின் இச்செடியின் வருகையும் அதற்குப் பிற்பட்டதெனக் கொள்ளலாம்.

பெயரின் வரலாறு வேறு. தமிழில் 'சுண்டை', மலையாளத்தில் 'சுண்ட', கன்னடத்தில் 'சுண்டெ' என வழங்கும் இச்சொல்லில் அயன்மொழிச் சாயல் இல்லை. வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' நூலின் இரண்டாம் தொகுதி (1679), யானைச்சுண்டை, சிறுசுண்டை எனப் பொருள்படும் 'ஆனச்சுண்ட', 'செறுசுண்ட' ஆகியவற்றை விளக்குகிறது. இவ்விரண்டும் கத்தரி இனத்தைச் சேர்ந்த ஆசியச் செடிகளே; அமெரிக்கச் சுண்டை அல்ல. எனவே, உள்நாட்டுச் செடிகளுக்கு வழங்கிய பெயர் தோற்ற ஒப்புமையால் புதிதாக வந்த செடிக்கும் ஆயிற்று எனக் கருத இடமுண்டு.

மிளகாயோடு ஒப்பிடின் இது தெளிவாகும். அமெரிக்காவிலிருந்து வந்த அக்காய், காரத்தால் மிளகை ஒத்தமையின் 'மிளகாய்' எனப் புதுப்பெயர் பெற்றது. ஆதலின் மிளகாயைக் குறிக்கும் பாடல் 16ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் அரிது. சுண்டையோ பழம்பெயரையே முழுமையாக ஏற்றமையால் தன் வருகையை மறைத்துக்கொண்டது. ஆகவே, சுண்டை என்னும் சொல்லாட்சியைக் கொண்டு ஒரு மருத்துவ நூலைப் பிற்காலத்ததெனத் தள்ளுதலும், அதே சொல்லைக் கொண்டு இன்றைய சுண்டையைத் தொன்மையானதெனக் கொள்ளுதலும் பொருந்தா.

இது காலக்கணிப்போடு நிற்பதன்று. ஒரு செடிக்குச் சொல்லப்பட்ட குணம் பெயரொற்றுமையால் மற்றொரு செடிக்கு ஏற்றப்படின் மருந்தே மாறிவிடும். மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் சுண்டை வருமிடந்தோறும் இலை, முள், காய் பற்றிய குறிப்புகளை ஒப்புநோக்கிய பின்னரே தாவரப்பெயர் இடுதல் வேண்டும்.