ஆத்துப்பாக்கம் ஊராட்சியும் நம் மக்களும்

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட் ஆலைகளே நினைவில் எழுகின்றன. அவ்வொன்றியத்துச் சிற்றூராட்சியாகிய ஆத்துப்பாக்கத்தின் வரலாற்றையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இப்பகுதி முன்னர்ச் செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தது. அதன் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் நம் முன்னோரின் அவலநிலையை அறிக்கையாக்கினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்களிற் பல பிறர் கைக்குச் சென்ற கதை நாம் அறிந்ததே.

பதவியின் கதையும் வேறன்று. ஒதுக்கீட்டின்வழி 2019 டிசம்பர்த் தேர்தலில் வென்று திருமதி அமிர்தம் ஊராட்சித் தலைவரானார். 2020 ஆகஸ்டு 15 அன்று பள்ளியிற் கொடியேற்ற அழைக்கப்பெற்ற அவர், பின்னர்த் தடுக்கப்பெற்றார். செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்டு 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் வந்தார். அவர் முன்னிலையிலேயே தலைவர் கொடியேற்றினார். மக்கள் அளித்த உரிமைக்குப் போலீஸ் காவலும் வேண்டியிருந்தது! எனினும் அன்று கயிற்றை இழுத்தவை நம் சகோதரியின் கைகளே.