ஹெரால்டும் அம்பாசடரும்: துரு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

துருப்பிடித்த பழைய கார் ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்தி மெல்ல மெல்லச் சரிசெய்ய ஆசைப்படுகிறவரிடம் எதை வாங்கலாம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் அம்பாசடரைத்தான் சொல்வார்கள். கனத்த வண்டி, தடித்த தகடு, எந்த ஊர்ப் பட்டறையிலும் அதன் உடம்பு அறிந்த டிங்கர் ஒருவர் இருப்பார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் முகம் சுளிப்பார்கள்: தகர டப்பா, கதவைச் சாத்தினாலே ஆடும். இரண்டும் ஓடிய காலத்தில் இந்தத் தீர்ப்பு சரியாக இருந்திருக்கலாம். துருவோடு வீட்டில் மல்லுக்கட்டும் காலத்துக்கு அது பொருந்தாது. பட்டறை வசதி இல்லாத ஒருவர் கைகால் பத்திரமாக வேலை பார்க்க, ஆடுகிற ஹெரால்டே தோதான வண்டி என்பது என் கட்சி.

காரணம் இரண்டு வண்டிகளின் பிறப்பில் இருக்கிறது. அங்கே இரண்டுக்கும் ஒரு விசித்திர உறவும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் பாடி செய்து கொடுத்துவந்தது பிஷர் அண்ட் லட்லோ. 1953-இல் அதை பிஎம்சி வாங்கிவிட்டது. மோரிஸும் ஆஸ்டினும் சேர்ந்து உண்டான போட்டி நிறுவனம் அது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் கிடைக்காத நிலையில், ஸ்டாண்டர்டு 1959-இல் டிரையம்ப் என்ற பெயரில் கொண்டுவந்த ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் போட்டார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த பாடியைத் துண்டு துண்டாகச் செய்து அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மற்றவர்கள் தனிச் சேசிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வண்டியைத்தான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது; நாலு கதவு மாடலும் பின்னால் வந்தது. அம்பாசடரோ, பிஎம்சியின் 1956 மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை வந்துகொண்டிருந்தது. இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, தூண்கள், கதவடிப் பெட்டித்தகடு, கூரை எல்லாம் வெல்டிங்கில் ஒன்றாகி, அந்தக் கூடுதான் பாரம் தாங்குகிறது.

துருவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சரிசெய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. மூடிய பெட்டித்தகட்டுக்குள் சேறும் ஈரமும் தங்கினால் உள்ளிருந்து வெளியே அரித்துவரும். பெயின்ட்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதி போயிருக்கும். அம்பாசடரில் அப்படி அரிபடும் முதன்மையான இடம் கதவுக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடும் பெட்டித்தகடு. அதுவே வண்டியின் முதுகெலும்பும்கூட. தீப்பெட்டியின் மேலுறை நாலு பக்கமும் இருக்கும்வரை விறைப்பாக நிற்கும். ஒரு பக்கத்தைக் கிழித்தால் நசுங்கும். வண்டியை நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கி, இரண்டு பக்கப் பெட்டித்தகட்டையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் அம்பாசடரின் கதியும் அதுதான். முன்னும் பின்னும் தொய்ந்து, புதுத் தகட்டை அந்தத் தொய்விலேயே வெல்டு செய்துவிடுவோம். பிறகு கதவு மூடாது. மூடாத கதவைத் தட்டித் தட்டி மூடவைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்கிற டிங்கர்களும் உண்டு.

ஹெரால்டில் கதவடித் தகடு வெறும் மூடி. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும், வண்டி அசையாது. பாரம் தாங்குவது நடுவில் ஓடும் இரண்டு சட்டங்கள். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாடியைப் பிடிக்கின்றன. முதலில் மட்கிப்போவதும் அவைதான். ஒரு கையை வெட்டி மாற்றும்போது மற்றவை இடத்தைக் காத்துக்கொடுக்கும். குறுக்களவு எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே போனட்டாக முன்னோக்கிச் சாய்வதால் டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாடியையே இரண்டு பாகமாகப் பிரித்துத் தூக்கி வைத்தால், சேசிஸ் திறந்த வெளியில் கிடக்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் தீப்பொறி சிதற வெல்டு செய்யும் அவசியமே இல்லாமல் போகிறது. வீட்டு வேலையில் உயிருக்கு ஆபத்தான நிலை அதுதான். மற்ற எல்லா வசதியையும்விட இதை நான் மேலாக வைக்கிறேன்.

அம்பாசடரில் அடியில் படுத்தே தீர வேண்டும். அதனால் நியமமும் கடுமையாகிறது. ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. தூக்கியதும் எடைக்கேற்ற இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். துருவேறிய வண்டியில் ஜாக்கி முட்டும் இடமே அரித்திருக்கும் என்பதால், ஸ்டாண்டைப் பின் ஆக்ஸிலுக்கும் முன் சஸ்பென்ஷனின் கெட்டியான இடத்துக்கும் அடியில் கொடுக்க வேண்டும். அப்போது வண்டி தன் சொந்தப் பாரத்தில், சாலையில் நிற்கிற மாதிரியே நிற்கும். கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுத்த பிறகு ஒரு பக்கம், அதிலும் ஒரு துண்டு, பிறகு அடுத்தது. அவசரக்காரருக்கு இது ஒத்துவராது.

இதைவிட நயவஞ்சகமான ஒன்று முன் சஸ்பென்ஷனில் இருக்கிறது. அம்பாசடரில் சுருள் ஸ்பிரிங் இல்லை; முறுக்கித் தாங்கும் கம்பி, டார்ஷன் பார், பின்னோக்கி நீண்டு தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் முடிகிறது. அந்தச் சட்டம் துருப்பிடித்தால், தகடு கெட்டதோடு முறுக்கேறிய கம்பியின் பிடிமானமும் கெட்டது என்று பொருள். கம்பியின் முறுக்கை விடுவிக்காமல் அங்கே கட்டிங் சக்கரத்தை வைப்பது தற்கொலைக்குச் சமம். ஹெரால்டு இந்த விஷயத்தில் சாது என்று நினைக்க வேண்டாம். முன்பக்கம் அமுங்கிய சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங் இரண்டும் கை எலும்பை முறிக்கும் வேகத்தில் விரியும். இங்கே வித்தியாசம், ஹெரால்டில் துருவும் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன; அம்பாசடரில் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

வேறு சில ஆபத்துகளுக்கு வண்டிப் பெயர் பொருட்டல்ல. பெட்ரோல் டேங்க் காலியாக இருப்பதாலேயே கவலை இல்லை என்பது பெரிய தப்புக்கணக்கு. நிறைந்த டேங்கைவிட ஆவி தங்கிய காலி டேங்கே வெடிக்கும். காற்றில் ஒன்றரை விழுக்காடு அளவுக்குப் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பொறி போதும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு ஊர்ந்து பக்கத்துச் சமையலறை வரை போகும். டேங்கை இறக்கி வெளியே தூரத்தில் வைத்து, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங். டேங்கில் ஓட்டையென்றால் அதைக் கழுவி அடைக்கிற வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். சீட்டு, கார்ப்பெட், தகட்டின் மறுபுறம் பூசிய தார் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கனலும் என்பதால், வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். 2017 நவம்பரில் அமலுக்கு வந்த ஈயக் கட்டுப்பாட்டு விதி வீட்டுப் பெயின்ட்டுக்கு மட்டுமானது. காரில் அடித்த பழைய கோட்டுகளை அது எப்படியும் தொடாது. ஆகவே உலர்ந்த தேய்ப்பு கூடாது, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் வாசலில் அதுவும் கூடாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரெசர் காற்றால் ஊதுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பதே வழி. இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் பளபளப்பான பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமாவை வரவழைக்கும். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் சாதா மாஸ்க்கும் அதைத் தடுக்காது. அந்த ஒரு வேலைக்குக் காசு கொடுத்துப் பெயின்ட் பூத் உள்ள இடத்துக்குப் போவதே புத்தி. கிரைண்டர் பிடிக்கும்போது கார்டைக் கழற்றுவது, லுங்கியோடு நிற்பது ஆகியவை பற்றி எவ்வளவு சொன்னாலும் நம் ஊரில் எடுபடுவதில்லை.

துரு எடுக்கும் முறையிலும் ஹெரால்டுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. கழன்று வரும் சிறு பாகங்களைத் தொட்டியில் போடலாம்: சலவை சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த பாகத்தோடு, பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் துண்டோடு. துரு தளர்ந்து விழும், நல்ல இரும்பு அப்படியே நிற்கும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். உப்பைப் போட்டால் குளோரின் வரும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கட்டினால் நச்சுக் குரோமியம் கலக்கும். அம்பாசடரின் வெல்டான கூட்டைத் தொட்டியில் இறக்க முடியாது. சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் தடவி, பெட்டிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டியதுதான். வெளியே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு உள்ளே மறந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு திரும்ப வரும்.

அம்பாசடர் வெல்லும் இடம் உதிரிபாகம். தரைத்தகடு, மட்கார்டு எல்லாம் இன்றும் தேடினால் கிடைக்கும். ஹெரால்டுக்கு இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும், அல்லது டிங்கர் கையால் அடிக்க வேண்டும். கை வேலையில் ஒரு கவனம் தேவை. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான 2021-ஆம் ஆண்டுப் பதிவு விதி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது. கையில் கிடைத்த சதுரக் குழாயை ஹெரால்டின் சேசிஸ் கைக்குப் பதிலாக ஒட்டாமல், பழைய அளவிலேயே செய்து, வெட்டும் முன் படமும் எடுத்து வைப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் அம்பாசடர்தான் வேண்டுமென்றால், விலை பேசுவதற்கு முன் பட்டி பூசிய இடங்களைக் காந்தத்தால் தடவிப் பார்க்கட்டும். பிறகு முன்சீட்டுக்கு அடியில் டார்ஷன் பார் முடியும் குறுக்குச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தட்டும். முனை உள்ளே இறங்கினால், அந்த வண்டி வீட்டு வாசலுக்கு வர வேண்டியதல்ல. முழு பாடியையும் கட்டிப்பிடித்து நிறுத்தும் ஜிக் உள்ள பட்டறைக்குப் போக வேண்டியது.