இரட்டைமலை சீனிவாசன் விளையாடாத மைதானம்

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அன்றைக்கு அது செங்கல்பட்டு ஜில்லா. பிறகு, 2019இல் மறுபடி பிரிக்கும்வரை, காஞ்சிபுரம் மாவட்டம். அதனால் அவரை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று நாங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்வோம். ‘பறையன்’ பத்திரிகை நடத்தியவர், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் என்பதெல்லாம் தோழர்களுக்குத் தெரியும். கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி அவருடைய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ புத்தகத்தில் இருக்கிறது. 1939இல் வந்த மிகச் சிறிய புத்தகம்.

கோயம்புத்தூரில் அவர் படித்தபோது உடன் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் ஊர் எது, உறவு யார், குடியிருப்பு எங்கே என்ற கேள்வி வரும், சாதி வெளியே தெரிந்துவிடும். இந்தப் பயத்தில் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர்கள் நெருங்குவதற்குள் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்பது அவருக்கு மனவேதனையாகவே இருந்திருக்கிறது. எத்தனையோ போராட்டங்களைக் கண்ட ஒருவர், முதுமையில் தன் வாழ்க்கையைச் சில பக்கங்களில் சுருக்கி எழுதும்போதும் அந்த விளையாட்டை விட்டுவிடவில்லை. எங்களை நிறுத்தியது அந்த இடம்தான்.

கல்வி மறுப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பெஞ்சு, தண்ணீர்ப் பானை, சாக்குத்துணி எல்லாம் நமக்கு மனப்பாடம். மைதானத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. வகுப்பறைக்குள் தீண்டாமைக்கு ஒரு ‘ஏற்பாடு’ செய்துவிட முடியும். மூலையில் உட்கார வைக்கலாம், சிலேட்டைத் தொடாமல் தள்ளி வைக்கச் சொல்லலாம். சடுகுடுவில் என்ன செய்வார்கள்? தொடுவதுதான் அந்த ஆட்டமே. பிடிக்க வேண்டும், புரள வேண்டும், ஒருவர் வியர்வை இன்னொருவர் மேல் பட வேண்டும். ஆகவே மைதானத்தில் ஏற்பாட்டுக்கு வழியில்லை, விலக்குதான்.

பெஞ்சுக்கே பெரிய சண்டை நடந்த நாடு இது. 1838இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் நடத்திய பள்ளியில் பறையர் சிறுவர்கள் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சாதி இந்து மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஆண்டர்சன் பணியவில்லை. அடுத்த ஆண்டு காஞ்சிபுரத்தில் கிளைப் பள்ளி தொடங்கியது. அவர் பெயரிலேயே இன்றைக்கும் ஊருக்குள் பள்ளி இருக்கிறது.

சேரிப் பையன்களுக்கு ஊர் மைதானம் மூடிக் கிடந்த காலத்தில் வேறொரு மைதானம் திறந்திருந்தது: ராணுவப் பரேடு மைதானம். அந்தக் கதையும் காஞ்சிபுரத்துப் பக்கமே வருகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கம்பெனியின் பெய்லி படை அழிந்தது. அதே மாதக் கடைசியில் மெட்ராஸ் பயனீர்ஸ் என்ற படைப்பிரிவைக் கம்பெனி தொடங்கியது. பாதை போடுவது, பதுங்குகுழி தோண்டுவது, பாலம் கட்டுவது வேலை. பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆன இந்தப் பிரிவில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். ஏகாதிபத்தியத்துக்குக் கூலிப்படையாகப் போனதைக் கொண்டாட வேண்டுமா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பண்ணையாருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வேண்டியிருந்தவன், இங்கே பூட்ஸ் போட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான், மாதச் சம்பளம் வாங்கினான் என்பதும் வரலாறு.

சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் பள்ளிக்கூடம். சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், ராணுவத்தில் கட்டாயக் கல்வி இருந்ததை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா சுபேதார் ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளி ஆசிரியர். அம்பேத்கர் 1891இல் பிறந்தது மோவ் ராணுவக் குடியிருப்பில். அந்தப் பரேடு மைதானம் இல்லாமல் அந்த வீட்டில் புத்தகம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு அந்தக் கதவை மூடினார்கள். சென்னையிலும் பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, ‘வீர இனங்கள்’ என்ற கொள்கையைத் தூக்கிப் பிடித்தார். வடமேற்கின் சில சமூகங்கள் பிறவியிலேயே வீரர்களாம், தெற்கத்தியர்களும் ‘கீழ்ச்சாதிகளும்’ சண்டைக்கு லாயக்கில்லாதவர்களாம். மனுதர்மத்துக்கு ஆங்கிலேயச் சீருடை மாட்டியது போன்ற கொள்கை. மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் மகர்களின் ஆள்சேர்ப்பும் நின்றது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894இல் இதை எதிர்த்து மனு தயாரித்தார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 111ஆவது மகர் படை உருவானது. போர் முடிந்ததும் 1921இல் அதையும் கலைத்துவிட்டார்கள். 1933இல் பயனீர் படைகளும் போயின.

ஆண் பிள்ளைகளுக்கான உறைவிட ராணுவப் பள்ளிகள் இந்தியாவில் எழுந்தது சரியாக இந்தக் காலத்தில்தான். 1922இல் டேராடூனில் அதிகாரி ஆகப்போகிறவர்களுக்கான கல்லூரி வந்தது. ஜீலம், ஜலந்தர், அஜ்மீர் ஆகிய இடங்களில் கிங் ஜார்ஜ் ராணுவப் பள்ளிகள் வந்தன. விடியற்காலை ஓட்டம், பரேடு, ஹாக்கி, குத்துச்சண்டை, இல்லங்களுக்கு இடையே கோப்பைப் போட்டி என்று இன்றும் நாம் காணும் அந்த வாழ்க்கை. சேர்க்கை சிப்பாய்களின் மகன்களுக்கு. அப்பனைப் படையிலிருந்து விலக்கியாகிவிட்டது, அப்புறம் மகன் எப்படி வருவான்? ‘சாதியைப் பார்த்துச் சேர்க்க மாட்டோம்’ என்று எங்கும் எழுதி வைக்கத் தேவையே இல்லாத ஏற்பாடு. சமூகவியல் வகுப்பில் நிறுவனமயமான விலக்கல் என்று படித்தோமே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வெளியே விளையாட்டில் நுழைந்தவர்களும் இருந்தார்கள். புனேயில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மைதான வேலைக்காரராக இருந்த பல்வங்கர் பாலு, அங்கே வலைப்பயிற்சியில் பந்து வீசியே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். 1911இல் இங்கிலாந்து பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அதே பாலுவுக்கு இந்து அணியில் தேநீர் இடைவேளையில் தனி மண்குவளை, மைதானத்துக்கு வெளியே. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்து இருக்கிறது, இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்தும் இருக்கிறது. விளையாட முடியாத மாணவரும், விளையாடியும் குவளை கிடைக்காதவரும் ஒரே தாளில்.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டப்படி எல்லாம் திறந்தன. 1948இல் என்.சி.சி. சட்டம் வந்தது. 1962இல் உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் சைனிக் பள்ளி வந்தது. நம் மாநிலத்தில் ஆண் பிள்ளைகளுக்கான உறைவிட ராணுவப் பள்ளி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான் (இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள்). பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு, அதில் பாதி மதிப்பெண் கணக்குக்கு. கோச்சிங் போகாமல் எழுதுவது கடினம். கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். உதவித்தொகை உண்டு, ஆனால் அது பின்னால்தான் வரும். விண்ணப்பிக்கும்போதே அந்தத் தொகையைக் கேட்டுப் பின்வாங்கும் பெற்றோரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

காஞ்சிபுரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம், கரைக்கு நாடா வீசும் உதவியாள் மறுபக்கம். அந்த உதவியாள் இடத்தில் பல காலம் உட்கார்ந்திருந்தது சிறுவர்கள். அப்பா வாங்கிய முன்பணத்துக்குப் பையனின் பகல் ஈடு. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் நம் ஊரும் இருக்கிறது. முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பையனுக்கு மாலை நான்கு மணி என்று ஒன்று கிடையாது. அவன் கால் தறிக்குழியில் இருந்தது.

முடியாததைக் கேட்கவில்லை நாங்கள். 2014 மே 25 அன்று பதின்மூன்று வயது மாலாவத் பூர்ணாவும், ஆனந்த் குமார் என்ற தலித் மாணவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். இருவரும் அன்றைய ஆந்திர அரசின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர்கள். அதே நிர்வாகம் பிறகு தெலங்கானாவில், கரீம்நகர் பக்கம் ருக்மாபூரில், ஆண் பிள்ளைகளுக்கு சைனிக் மாதிரிப் பள்ளியே நடத்தியது. பணக்காரப் பள்ளிக்குரியது என்று நாம் நினைக்கும் பயிற்சியை அரசு விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஓர் அரசுத் துறையால் முடிந்திருக்கிறது.

நாங்கள் மாலையில் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் என்.சி.சி. சேர வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் படிக்கும் பள்ளியில் என்.சி.சி. இல்லை. விடுதிக்கு விளையாட்டு மைதானமும் இல்லை. துணி காயப்போடும் இடத்தில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுகிறார்கள்.

என்.சி.சி. எல்லாப் பள்ளிக்கும் தானாக வருவதில்லை, ஒதுக்கப்பட்ட பள்ளிகளுக்கு மட்டும். மாவட்டத்தில் எந்தெந்தப் பள்ளிகளில் இருக்கிறது, அவற்றில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எத்தனை, எத்தனை நல விடுதிகளுக்குச் சொந்த மைதானம் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறோம். அதே மூன்று கேள்விகளை உங்கள் மாவட்டத்திலும் போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் அவகாசம். பதில் வந்ததும் நமக்குள் ஒரு பட்டியல் போடுவோம்.