சம்பளமும் சாட்சியும்: அசரியாவின் 1910 எடின்பரோ உரை குறித்து ஒரு மறுவாசிப்பு

1910 ஜூன் 20ஆம் தேதி மாலை, எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆற்றிய உரை, திருச்சபை வரலாற்று நூல்களில் அதன் கடைசி வாக்கியமாகவே சுருங்கிவிட்டது. மேலைநாட்டு ஊழியர்களிடம் அவர் நட்பைக் கேட்டு உரையை முடித்தார் என்பது இறையியல் மாணவர் எவருக்கும் தெரியும். அதற்கு முன்னால் என்ன பேசினார் என்று கேட்டால் பதில் தடுமாறும்.

அந்த உரையை நிறவேற்றுமைக்கு எதிரான மனக்குறை என்று வாசிப்பது நெடுங்கால வழக்கம். இந்த வாசிப்பு இரண்டு கிளைகளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று, ஆசியச் சபையின் முதல் துணிச்சலான குரல் என்று உரையைப் போற்றுகிறது. மற்றது, ஆளவந்தவர்களின் மண்டபத்தில் நின்று அன்பை யாசித்த குரல் என்று அதை ஐயுறுகிறது. மதிப்பீட்டில் வேறுபட்டாலும் இரண்டும் ஒன்றையே அடிப்படையாகக் கொள்கின்றன: உரையின் பொருள் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையிலான தனிமனித உறவு. இந்த அடிப்படையே பிழை என்பது என் கருத்து. உரையின் அச்சு அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே பேசப்படுவது சம்பளம். அந்தச் சம்பளப் பேச்சின் வழியே அசரியா எழுப்பும் கேள்வி, ஒரு சபை சுவிசேஷப் பணியைத் தன்னுடைய வேலையாகக் கருதுவது எப்போது நின்றுபோகிறது என்பது.

மாநாட்டு அறிக்கையின் 9ஆம் தொகுதியில் உரை முழுமையாக அச்சாகியிருக்கிறது. அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு. அதாவது, ஒரே வேலையைச் செய்யும் இரு சாராரைப் பற்றிப் பேசும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். பத்து ஆண்டுகள் பல மாவட்டங்களில், பல சபைப் பிரிவுகளின் மிஷனெரிகளோடு பணியாற்றிய அனுபவத்தை முன்வைத்து அவர் தொடங்குகிறார். ஒட்டாமை, வெளிப்படையான பழக்கம் இல்லாமை ஆகியவற்றை முதலில் சொல்கிறார். பிறகு தலைமுறை மாற்றத்துக்கு வருகிறார். முன்னோடி மிஷனெரிகள் விசுவாசிகளுக்குத் தகப்பன்மாராக இருந்தார்கள், விசுவாசிகளும் பிள்ளைகளாக இருக்க விரும்பினார்கள். புதிய மிஷனெரிகளும் தகப்பன்மாராகவே இருக்க ஆசைப்படுகிறார்கள், புதிய தலைமுறைக் கிறிஸ்தவர்களோ பிள்ளைகளாக நடத்தப்படுவதை விரும்பவில்லை. உரையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு அடுத்த நகர்வைத்தான் முந்தைய வாசிப்புகள் விரைந்து கடந்துவிடுகின்றன. மிஷனெரி சம்பளம் கொடுப்பவர், உள்நாட்டு ஊழியர் அவருடைய வேலையாள் என்ற நிலையை அசரியா வெளிப்படையாகச் சொல்கிறார். இந்த உறவு நீடிக்கும்வரை இந்தியத் திருச்சபையில் சுயமதிப்பும் தனித்தன்மையும் வளர முடியாது என்பது அவர் எட்டும் முடிவு. பேச்சு இங்கே யாரிடமிருந்து யாரிடம் நகர்ந்திருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அவமதிக்கப்படுபவர் ஊழியர், வளர்ச்சி தடைப்படுவதோ சபைக்கு. உபதேசியாரின் மனக்காயம் மட்டுமே பொருளாக இருந்திருந்தால், சபை என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. ஊழியர் அயலாரின் சம்பளத்தில் இருக்கும்போது அவர் செய்யும் ஊழியமும் அயலாருடையதாகிவிடுகிறது, சபையார் அதை நின்று பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள். இந்தக் காரணத்தொடரை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்லாமல் விட்ட இணைப்பை நான் நிரப்புகிறேன் என்ற குற்றச்சாட்டு வரலாம். ஆனால் அந்த இணைப்பு இல்லாமல் உரையின் நடுப்பகுதிக்கும் முடிவுக்கும் பொருத்தமே கிடையாது.

நட்பு பற்றிய இறுதி வேண்டுகோளும் இந்த வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. வேலை கொடுப்பவர் – வேலையாள் என்ற ஏற்பாட்டுக்கு மாற்றாகவே அசரியா நட்பை வைக்கிறார். நண்பர்கள் இருவர் ஒரு வேலையைச் செய்தால் அது இருவருடைய வேலை. அங்கே சம்பளப் பதிவேடு வேலையின் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. கிறிஸ்துவின் மகிமையின் முழுமையை எந்த ஒரு நாட்டாரும் தனித்து அறிய முடியாது, எல்லாரும் சேர்ந்து உழைக்கும்போதே அறிய முடியும் என்று அவர் முடிவுக்குச் சற்று முன் சொல்வதும் இதனோடு இசைந்தே வருகிறது.

உரையாற்றியவர் அந்த ஜூன் மாதத்தில் யாராக இருந்தார் என்பதும் முக்கியம். இந்தியப் பிரதிநிதி என்ற பொதுப்பெயரில் அவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த திருநெல்வேலித் தமிழர். 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகப் போனவர். தெலுங்கு அவருக்குப் பிறமொழி. அங்குள்ள மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் வாழ்க்கையும் அவருக்குப் புதிது. தோர்ணக்கலில் அவரே அயல்நாட்டு ஊழியர். திருநெல்வேலியிலிருந்து வந்த காணிக்கையை உள்ளூர் ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கும் இடத்தில் அவரும் நின்றுகொண்டிருந்தார். ஆகவே சம்பளம் கொடுப்பவரைப் பற்றி எடின்பரோவில் அவர் பேசியது வெள்ளையரை மட்டும் தொட்ட பேச்சு அல்ல. தன் கையிலிருந்த பொறுப்பையும் தொட்ட பேச்சு. உரையை யாசகக் குரலாக வாசிப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதிய மறுப்பு.

இந்த வாசிப்பை 1910க்குப் பின்னால் நடந்தவற்றைக் கொண்டு முன்னதை விளக்கும் முறை என்று தள்ளிவிடவும் முடியாது. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்குத் தங்கள் செலவில் ஊழியர் அனுப்பியிருந்ததைக் கண்டார். தங்களைவிடச் சிறிய சபை செய்ததைத் திருநெல்வேலி செய்யவில்லையே என்ற உறுத்தலோடு திரும்பினார். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. பணம், ஆள், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மூன்றாவதான நிர்வாகத்தை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் நினைவுகூர்வது இன்றைய வழக்கமாக இருக்கிறது. ஆனால் புதுமை அந்த மூன்றாவதில்தான் இருந்தது. திருநெல்வேலி உபதேசியார்கள் 1850களிலேயே இலங்கையின் தோட்டத் தொழிலாளரிடையே பணிக்குப் போனவர்கள். ஆளுக்கு அங்கே பஞ்சமில்லை. அந்தப் பணியை நடத்தியவர்கள் சி.எம்.எஸ் (சர்ச் மிஷனெரி சொசைட்டி) மிஷனெரிகளும் அவர்களுக்குப் பொருளுதவி செய்த தோட்டத் துரைமாரும். திருநெல்வேலிச் சபை அதைத் தன் பணி என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கவில்லை.

சி.எம்.எஸ் செயலாளராக இருந்த ஹென்றி வென்னின் தற்சார்பு, தன்னாட்சி, தற்பெருக்கம் என்ற மூன்று இலக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகூடும் என்று எதிர்பார்த்த துறைமரபுக்கு 1903 ஒரு சங்கடம். திருநெல்வேலி முதலிரண்டிலும் நல்ல தூரம் வந்திருந்தது. ஆலயம் கட்டியது, குருமாருக்குப் படியளந்தது, சங்கங்கள் கூட்டியது. மூன்றாவது தானாக வரவில்லை. முதலிரண்டும் சபையின் கவனத்தைத் தன்னைப் பராமரிப்பதிலேயே கட்டிப்போட்டிருந்தன என்றுகூட வாதிடலாம். அந்த வாதத்தை நான் பெருமளவு ஏற்கிறேன்.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்றபின் அசரியா தோர்ணக்கலில் செய்தவை நன்கு அறியப்பட்டவை. எடின்பரோ உரையோடு நேரடித் தொடர்புடைய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிராமம் கிராமமாகப் போகும்போது திருமுழுக்குப் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். பிறகு, தான் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவன் என்பதையும், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தனக்குக் கேடு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் சொல்வதையும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்தச் செயலைப் பேராயரின் கட்டுப்பாட்டுக் கருவி என்று விளக்குவோர் உண்டு. கை யாருடையது என்று பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆங்கிலிக்கன் மரபில் திடப்படுத்தலின்போது பேராயரின் கை விசுவாசியின் தலைமேல் வைக்கப்படுகிறது. அதிகாரம் மேலிருந்து இறங்குகிறது. இங்கே வயலில் களையெடுத்துவிட்டு வந்த மாதிகாப் பெண் தன் கையைத் தன் தலைமேல் தானே வைக்கிறாள். அவள் படித்தவள் அல்ல, சம்பளப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பவுலின் அந்த அதிகாரமும் ஊதியத்தைப் பற்றியதே. சுவிசேஷத்தால் பிழைக்கும் உரிமை தனக்கு உண்டு, அதைத் தான் பயன்படுத்தவில்லை என்று அவர் விரிவாக வாதிடும் இடம் அது. திருவசனத்தில் இதற்கு எத்தனையோ பகுதிகள் இருக்க, ஊதியம் வாங்காத ஊழியத்தின் அதிகாரத்தையே அசரியா தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. எடின்பரோவில் அவர் நோயாகக் கண்டதற்கு இது தோர்ணக்கலில் கொடுத்த மருந்து. அதுவே ஆண்டுதோறும் சாட்சி வாரமாகவும் விரிந்தது. சபையார் குழுக்களாகப் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னார்கள்.

இந்த வாசிப்புக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான தடை ஒன்று உண்டு. அசரியாவின் திருமண்டலத்திலும் கிராம ஆசிரியர்கள் பெரும் எண்ணிக்கையில் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். அயல்நாட்டுச் சங்கங்களின் பணமும் தொடர்ந்து வந்தது. சம்பளம்தான் நோய் என்றால் தோர்ணக்கல் நோயுற்ற திருமண்டலம் ஆகாதா? இதை எளிதில் தட்டிவிட முடியாது. என் விடை பகுதி விடைதான். சம்பளம் வாங்கிய ஆசிரியரின் வேலை பெரும்பாலும் வந்தவர்களைப் பேணுவது: எழுத்துக் கற்பிப்பது, ஜெபம் நடத்துவது, திருமுழுக்குக்கு ஆயத்தப்படுத்துவது. அடுத்த ஊருக்குச் செய்தி போனது சம்பந்தி வீடு, சந்தை, அறுவடைக் கூலிக்குப் போன இடம் ஆகிய வழிகளில். அசரியா சம்பளத்தை ஒழிக்கவில்லை. சாட்சி சொல்வதைச் சம்பளத்திலிருந்து பிரித்தார். அவர் காலத்தில் திருமண்டலத்தின் விசுவாசிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டிய பெருக்கத்தை ஆசிரியர்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு விளக்க முடியாது.

அந்தப் பெருக்கம் உறவின்முறை சார்ந்த மக்கள் இயக்கம்தானே, சபையின் ஊக்கத்துக்கு அதில் என்ன பங்கு என்ற மறுப்பு நெடுநேரம் பேசத் தக்கதல்ல. உறவின்முறை வழியே செய்தி சொல்வது எந்தச் சபைக்கும் கைக்கெட்டிய உள்ளூர் ஊழியம். அதைச் சமூகவியல் என்று பெயரிட்டுப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது சம்பள ஊழியர் மட்டுமே.

காணிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் பழகிய பிடியரிசி தோர்ணக்கலிலும் வேரூன்றியது. உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்தில் கொட்டுகிறார்கள். இதைச் சபை நிதிக்கான வழியாக மட்டும் எழுதுவது வழக்கம். கூலியே தானியமாக வந்த வீட்டில், நாள்தோறும் இரண்டு வேளை தன் சோற்றிலிருந்து எடுத்த பெண்ணுக்கு அந்தப் பணியில் கிடைத்த பங்குரிமையைக் கணக்கேடு காட்டாது. ஆண்டுக்கொரு முறை உறையில் போட்டுக் கொடுக்கும் சந்தாவுக்கு அந்த உரிமையைத் தரும் ஆற்றல் இல்லை.

இந்த மறுவாசிப்பு பழைய உரை ஒன்றோடு முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். இன்று தமிழகத்தின் பல சேகரங்களில் சுவிசேஷப் பணி வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு. தொலைவிலுள்ள பணித்தளத்தில் ஒரு ஊழியரைத் தாங்குகிறோம், ஆண்டுக்கொரு ஞாயிறு அவர் வந்து அறிக்கை சொல்கிறார், சபையார் கேட்டு மகிழ்ந்து காணிக்கை கொடுக்கிறார்கள். அந்தத் தாங்குதலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1903இன் நேர்வாரிசு அது. ஆனால் ஆலயச் சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பது சேகரக் கமிட்டிக்குத் தெரியாத நிலையும் அதனோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. எடின்பரோவில் அசரியா சொன்ன உறவில் வெள்ளையரின் இடத்தில் இப்போது நம் சேகரம் உட்கார்ந்திருக்கிறது. சம்பளம் கொடுக்கிறோம், வேலையை அவர் செய்கிறார்.

திருச்சபை சுவிசேஷ நோக்கைத் தக்கவைத்திருக்கிறதா என்று அளக்க முனையும் ஆய்வுகள் மிஷனெரிகளின் எண்ணிக்கையையும் அனுப்பிய தொகையையும் கூட்டிப் பார்க்கின்றன. அசரியாவின் உரையைச் சரியாக வாசித்தால் இந்த அளவுகோல் போதாது. வியாழக்கிழமை மாலைகளில் ஜெபக்குழுப் பெண்கள் மருத்துவமனை வார்டுகளுக்கும், துக்கம் நடந்த வீடுகளுக்கும், புதிதாகக் குடிவந்தவர்களிடமும் போகிறார்கள். எந்தக் கமிட்டியும் அவர்களை நியமிக்கவில்லை. கூட்டக் குறிப்பேடுகளில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம். தோர்ணக்கலில் கையைத் தலைமேல் வைத்தவர்களின் வழித்தோன்றல்களைத் தேட வேண்டிய இடம் இந்தக் குழுக்கள்தான். வாய்மொழி வரலாற்று முறையில் இவர்களிடம் விரிவாகக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையைத் துறை இன்னும் முழுமனதோடு எடுத்துக்கொள்ளவில்லை.